கணக்கைச் சுவரில் காட்டலாம்

மகளிர் குழுவின் கணக்கு நோட்டு ஒருவர் கையில்தான் இருக்கும். மற்றவர்கள் எப்படிப் பார்ப்பது? கணிப்பொறியில் எழுதி, புரொஜெக்டர் மூலம் சுவரில் பெரிதாகக் காட்டலாம்.

அதற்கு மென்பொருள் வேண்டும். விலை கொடுக்க வேண்டுமா? வேண்டாம்.

புனேயில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அது 1988-இல் தொடங்கியது. 'ஓப்பன் ஆபீஸ்' என்ற இலவச மென்பொருளைத் தமிழாக்கி, 2005-இல் குறுந்தகட்டில் இலவசமாகத் தந்தது. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-இல் 'லிப்ரே ஆபீஸ்' பிறந்தது. அதுவும் இலவசம். நகல் எடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம். அது திருட்டு ஆகாது.

அதில் 'இம்பிரஸ்' என்ற பகுதியைத் திறங்கள். ஒரு பக்கத்தில் நாலே வரி எழுதுங்கள்: வரவு, செலவு, கடன், இருப்பு. எஃப்5 விசையை அழுத்துங்கள். திரை முழுவதும் அந்தப் பக்கம் தெரியும்.

எல்லோரும் பார்த்த கணக்கில் சந்தேகம் வராது.