எக்ஸெல்லில் டாலர் குறி: பழைய அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக் கணக்கு

சென்ற இதழில் செல் என்றால் என்ன, அதில் எண்களை எப்படிக் கூட்டுவது என்று பார்த்தோம். இந்த மாதம் டாலர் குறி. உதாரணத்துக்கு என் சொந்தப் பிரச்னையையே எடுத்துக் கொள்கிறேன்.

ஐயப்பன்தாங்கலில் என் வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடரின் முன் பிரேக் டிரம்கள் தேய்ந்துவிட்டன. ஏற்கெனவே லேத்தில் கடைந்தவை. இன்னொரு முறை கடைந்தால் மெலிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். புது டிரம் போடுவதா, டிஸ்க்குக்கு மாறுவதா? பிற்கால அம்பாசிடர்களில் கம்பெனியே முன்பக்கம் டிஸ்க் கொடுத்தது. பிரேக் பாகங்களுக்குப் பெயர் பெற்ற படியும் (பிரேக்ஸ் இந்தியா 1962ல் அங்கேதான் தொடங்கியது) பக்கத்தில்தான். ஆனாலும் பணம் கொடுக்கும் முன் கணக்குப் போட்டுவிடலாம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். நான் ஏ, பி என்று எழுதுவதை ஆங்கில எழுத்தாகவே டைப் செய்யுங்கள்.

பி1 செல்லில் 1500 என்று அடியுங்கள். இது ஆட்களுடன் சேர்த்து வண்டியின் உத்தேச எடை, கிலோவில். ஏ3, ஏ4, ஏ5 செல்களில் 40, 60, 80 என வேகங்கள். இப்போது பி3ல் இந்த ஃபார்முலா:

=0.5*பி1*(ஏ3/3.6)^2/1000

என்டர் தட்டினால் 92.6 வரும். வண்டி நிற்பதற்குள் பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய சக்தி இது, கிலோஜூல் கணக்கில். பி3ன் மூலையைப் பிடித்து பி5 வரை இழுத்துப் பாருங்கள். பி4ல் 0 வரும்! ஃபார்முலா ஒரு வரி இறங்கியதும் பி1 என்பது பி2 ஆகிவிட்டது. அங்கே எதுவும் இல்லை. எடை எப்போதும் பி1லேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் டாலர் குறி:

=0.5*$பி$1*(ஏ3/3.6)^2/1000

கர்சரை பி1 மீது வைத்து எஃப்4 கீயை அழுத்தினால் டாலர் தானாகவே விழும். மறுபடி இழுங்கள். 92.6, 208.3, 370.4. வேகம் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. மூடிய டிரம்முக்குள் இந்த வெப்பம் தங்கி, அடுத்தடுத்து மிதிக்கும்போது பிடிப்பு குறையும். டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும், மழைநீரையும் உதறிவிடும். "டிஸ்க் போட்டால் பாதி தூரத்தில் நிற்கும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு டிரம்மும் பிடிக்கும். அதற்கு மேல் டயரின் பிடிப்புதான்.

டிஸ்க்கில் ஒரு சிக்கல் உண்டு. டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்து நம் காலுக்கு உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதிக அழுத்தம் வேண்டும். ஏ10ல் 19.05, ஏ11ல் 22.22 என்று மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டங்களை மில்லிமீட்டரில் இடுங்கள். பி8ல் 1000, அது பெடலின் நெம்புகோல் வழியாக வந்து சேரும் விசை, நியூட்டனில். பி10ல்:

=$பி$8/(3.1416*(ஏ10/2)^2)

ஒரு வரி கீழே இழுத்தால் 3.51, 2.58. அதே கால் அழுத்தத்துக்குப் பெரிய சிலிண்டர் தரும் அழுத்தம் குறைவு! ஆனால் சிறியதைப் போட்டால் காலிபருக்கு வேண்டிய எண்ணெயைத் தள்ள பெடல் அதிகம் இறங்கும். பூஸ்டர் வைப்பது இதனால்தான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. டிரம் வண்டிகள் பலவற்றில் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். அது அப்படியே இருந்தால் டிஸ்க்கை பேட் உரசிக்கொண்டே ஓடும், சூடேறும். அதை மாற்றச் சொல்லுங்கள்.

நான் பூஸ்டருடன் டிஸ்க் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் வண்டியின் எடையை பி1ல் மாற்றிப் பாருங்கள். மற்ற எண்கள் தாமாகவே மாறும்.