மேம்படுத்தலாமா, வேண்டாமா? இரண்டு கைக்கணினிகள் தந்த பாடம்

எங்கள் பள்ளி ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. மாணவர்கள் 38 பேர். 2017ஆம் ஆண்டில் முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து எங்களுக்கு இரண்டு கைக்கணினிகளை வாங்கித் தந்தார்கள். இரண்டிலும் ஆண்ட்ராய்டு 6 இயங்குதளம், 2 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பகம். இன்றைய நிலவரத்தில் இவை சிறியவைதாம். ஆனாலும் எழுத்துகளை விரலால் வரைந்து பழகும் செயலி ஒன்றை இயக்கவும், குழந்தைகள் வாசிப்பதைப் பதிவு செய்யவும் அவை போதுமானவையாக இருந்தன.

பள்ளிக்கு இணைய இணைப்பு வந்த பிறகு, திரையின் மேற்பகுதியில் ஓர் அறிவிப்பு தொடர்ந்து வரத் தொடங்கியது: "புதிய மென்பொருள் தயாராக உள்ளது." ஆண்ட்ராய்டு 8 வரை செல்லலாம் என்று தெரிந்தது. புதியது என்றால் நல்லதுதானே என்ற எண்ணத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, முதல் கைக்கணினியில் பொத்தானை அழுத்திவிட்டேன். சேமிப்பகம் ஏறத்தாழ நிரம்பியிருந்ததை நான் பார்க்கவில்லை. மறுதொடக்கம் ஆனபோது திரையில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் தோன்றியது. அதற்கு மேல் நகரவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரர் உள்ளே இருந்த அனைத்தையும் அழித்து, ஆண்ட்ராய்டு 8-ஐ ஏற்றித் திருப்பித் தந்தார். கைக்கணினி பிழைத்துக்கொண்டது. அதிலிருந்த 42 வாசிப்புப் பதிவுகள் போய்விட்டன.

அவற்றில் ஒன்று, இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முதல் வாசிப்பு. அரையாண்டு வரை வகுப்பில் வாய் திறக்காத குழந்தை அவள். ஒரு நாள் தானாகவே எழுந்து வந்து நான்கு வரிகளைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் அவளுடைய அம்மாவிடம், "மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாங்க, போட்டுக் காட்டுறேன்" என்று சொல்லியிருந்தேன். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார். "டீச்சர், பாப்பா படிச்சது இருக்குன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். குழந்தையை அழைத்து நேரில் வாசிக்கச் சொன்னேன். இம்முறை தடுமாறாமல் வாசித்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. முதல் வாசிப்பை இன்னொரு முறை பதிவு செய்ய முடியாது அல்லவா?

வகுப்பறையில் எடுத்த முடிவு

இரண்டாவது கைக்கணினியிலும் அதே அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. இம்முறை அவசரப்படாமல், ஐந்தாம் வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து முடிவெடுப்பது என்று தீர்மானித்தேன். கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதினேன்.

1. இந்தக் கைக்கணினி நமக்கு என்ன வேலை செய்கிறது?

மாணவர்கள் பட்டியலிட்டார்கள்: எழுத்துப் பயிற்சிச் செயலி, வாசிப்புப் பதிவு, ஒளிப்படம் எடுத்தல், எப்போதாவது காணொலி பார்த்தல். இவற்றில் முதல் மூன்றுக்கும் இணையமே தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

2. பழைய பதிப்பால் எந்த வேலை தடைபடுகிறது?

இணையம் சார்ந்த வேலைகள் தடைபடுகின்றன. குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 இறுதியிலிருந்து ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழ் உள்ள கருவிகளுக்குக் கிடைப்பதில்லை. சில இணையதளங்களைத் திறந்தால் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. இணையதளம் காட்டும் சான்றிதழை நம்பலாமா என்பதைக் கருவி தன்னிடம் உள்ள ஒரு பட்டியலைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஏராளமான இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பின் இன்றைய மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளின் பட்டியலில் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத மாணவனை ஆசிரியருக்குத் தெரியாததுபோல என்று விளக்கினேன். குழந்தைகளுக்குச் சட்டென்று புரிந்தது.

பாதுகாப்பும் முக்கியமானது. அமைப்புகள் பகுதியில் கருவியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், ஆண்ட்ராய்டு 6 முதல், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக எந்தத் தேதிக்குரியது என்பதைக் காணலாம். அந்தத் தேதி சில ஆண்டுகள் பழையதாக இருந்தால், அக்கருவியில் வங்கிச் செயலி, மின்னஞ்சல், கடவுச்சொல், மாணவர் விவரம் எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது.

3. இடம் போதுமா?

இதைக் கணக்குப் பாடமாகவே ஆக்கினோம். இயங்குதளம் 5,200 எம்பி, செயலிகள் 6,300 எம்பி, படங்களும் பதிவுகளும் 3,400 எம்பி. கூட்டினால் 14,900. மொத்தம் ஏறத்தாழ 16,000. மீதி 1,100 எம்பி. பதிவிறக்க வேண்டிய கோப்போ 1,300 எம்பி. அதை விரித்து நிறுவுவதற்கும் கூடுதல் இடம் வேண்டும். "பத்தாது மிஸ்!" என்று வகுப்பே சொன்னது. முதல் கைக்கணினியில் நான் செய்யத் தவறிய கணக்கு இதுதான்.

4. பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

செயலி ஒன்றை நிறுவினால் நீக்கிவிடலாம். ஆனால் இயங்குதளத்தை மேம்படுத்தியபின் பழைய பதிப்புக்குத் திரும்பச் சாதாரணப் பயனருக்குப் பொதுவாக வழியில்லை. கடைகளில் முயன்று பார்ப்பார்கள். அப்போதும் உள்ளிருப்பவை அழிந்துபோகும். இதைச் சொன்னதும் ஒரு மாணவன் கேட்டான்: "மிஸ், புதுசுல நம்ம எழுத்துச் செயலி திறக்கலைன்னா, அதை மறுபடி எங்க போய் வாங்குறது?"

ப்ளே ஸ்டோரில் தேடிப் பார்த்தோம். அந்தச் செயலி அங்கிருந்து எப்போதோ நீக்கப்பட்டிருந்தது. எங்கள் கைக்கணினியில் இருப்பதுதான் எங்களுக்குள்ள ஒரே பிரதி. அந்த ஒரு கேள்வியில் முடிவு தெளிவாகிவிட்டது.

எங்கள் முடிவு

இரண்டாவது கைக்கணினியை மேம்படுத்தவில்லை. பதிவுகளை மெமரி கார்டிலும் தலைமை ஆசிரியர் ஐயாவின் மடிக்கணினியிலும் படியெடுத்தோம். பிறகு அதிலிருந்த கூகுள் கணக்கை நீக்கி, இணைய இணைப்பைத் துண்டித்தோம். இப்போது அது எழுத்துப் பயிற்சிக்கும் வாசிப்புப் பதிவுக்கும் மட்டுமே. ஆண்ட்ராய்டு 8 ஏற்றிய முதல் கைக்கணினியில் காணொலி பார்க்கிறோம், தகவல் தேடுகிறோம். எனினும் 2025 ஆகஸ்டு முதல் குரோமின் புதிய பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 10 தேவைப்படுகிறது. ஆக, மேம்படுத்தல் அதன் மூப்பைச் சில காலம் தள்ளிப்போட்டது, அவ்வளவே.

பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர், "வெளியார் உருவாக்கிய இயங்குதளத்தை ஏற்றித் தரட்டுமா?" என்று ஆர்வத்துடன் கேட்டார். அதற்குக் கருவியின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பவை அழியும். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

பொத்தானை அழுத்தும் முன்

நம்மில் பலரிடமும் இதுபோன்ற பழைய கருவிகள் இருக்கும். மேம்படுத்துவது என்று நீங்கள் முடிவு செய்தால், இவற்றைக் கவனியுங்கள்:

• முதலில் படியெடுங்கள். எடுத்த படி வேறொரு கருவியில் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

• பதிவிறக்கக் கோப்பைப் போல இரண்டு மடங்கு இடமாவது காலியாக இருக்கட்டும்.

• மின்கலம் முழுவதும் சார்ஜ் ஆன பிறகே தொடங்குங்கள். நடுவில் அணைக்காதீர்கள்.

• தேவையான செயலிகள் புதிய பதிப்பில் இயங்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

• தேர்வு, ஆய்வு, கூட்டம் ஆகியவற்றுக்கு முந்தைய நாளில் செய்யாதீர்கள்.

இணையம் வழியே கணக்குகளைக் கையாளும் கருவி என்றால், மேம்படுத்துவதே பெரும்பாலும் சரியான முடிவாக இருக்கும். இணையமின்றி ஒரே வேலையைச் செய்துவரும் கருவி என்றால், அப்படியே விட்டுவிடுவதும் சரியான முடிவுதான். அறிவிப்பு வந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையில், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் இருவர் அந்த வாரப் பதிவுகளை மெமரி கார்டில் படியெடுத்து, எண்ணிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பேட்டில் என் மாணவியின் பெயரும் இருக்கிறது. அவளுடைய முதல் வாசிப்பு அதில் இல்லை. இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த ஒன்பது பேரின் முதல் வாசிப்பும் இருக்கிறது.