சாமத்துச் சீனி: ஓர் இளம் வைத்தியருக்குக் கடிதம்

அன்பின் மகள்,

நேற்றிரவு நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை ஆறுதலாக எழுதுகிறேன்.

டொரொன்டோவிலிருந்து அம்மம்மாவைப் பார்க்கவும் வைகாசிச் சடங்குக்குமாக ஆரையம்பதிக்கு வந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை, இடுப்பில் இன்சுலின் பம்போடு உன் முன்னால் வந்து இருந்திருக்கிறாள். மத்தியானம் திரும்பினால் கை பதறி வேர்க்கிறது. விடிய எழும்பும்போது சீனி 260. "பேசலைக் கூட்டட்டுமா, குறைக்கட்டுமா டொக்டர்?" என்று கேட்டாய். பம்பைக் கையில் எடுத்துப் பார்த்ததே அன்றைக்குத்தான் என்றும் சொன்னாய். அதை மறைக்காமல் சொன்னது எனக்கு நிம்மதி. தெரிந்ததுபோல் நடந்துகொள்ளும் வைத்தியரிடம்தான் இந்த மிசின் ஆபத்தாகிறது.

பம்பின் மணிக்கூட்டைப் பார் என்றேன். அது இன்னும் டொரொன்டோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். விடிகாலை 4 மணியிலிருந்து 8 மணிவரை அவளுக்குக் கூடுதலாக வேண்டும் என்று அங்குள்ள குழு எழுதிவைத்த அளவு, இங்கே பிற்பகல் 1.30 இலிருந்து 5.30 வரை உடம்புக்குள் இறங்கியிருக்கிறது. எங்கள் விடியலிலோ அவளுடைய மாலைநேரத்துக் குறைந்த அளவு. அவள் வந்து பத்து நாளாகிவிட்டது. உடம்பு இங்கத்தைய இரவுக்கும் பகலுக்கும் பழகிவிட்டது, மிசினுக்கு யாரும் சொல்லவில்லை. நீ கூட்டியிருந்தால் கோயில் வீதியில் விழுந்திருப்பாள், குறைத்திருந்தால் விடியற்காலைச் சீனி இன்னும் ஏறியிருக்கும். (வந்திறங்கிய அன்றே மணிக்கூட்டைத் திருப்பினாலும் தொல்லைதான், உடம்பின் கடிகாரம் அவ்வளவு கெதியாகத் திரும்பாது. முதல் சில நாட்களுக்கு ஏற்ற இறக்கமில்லாத சராசரி அளவொன்றை ஓடவிடுவதே பாதுகாப்பு.)

இப்போது நீ மணிக்கூட்டைத் திருத்திவிட்டாய். இனித்தான் உன் கேள்விக்கு இடம் வருகிறது. நீ பேசல் என்ற அந்தப் பின்னணி இன்சுலின் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் ஒன்றும் சாப்பிடாத நேரத்திலும் ஈரல் சும்மா இருப்பதில்லை. இரவு முழுக்க இரத்தத்துக்குள் குளுக்கோசு விட்டுக்கொண்டே இருக்கும். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 7 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனி. மூளை அதைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. ஈரல் அளவுக்கு மிஞ்சி விடாமல் பிடித்துவைப்பதே பின்னணி இன்சுலினின் வேலை. சாப்பாட்டுக்கு விடும் இன்சுலின் வேறு கணக்கு. விடிகிற நேரத்தில் வளர்ச்சி ஹோர்மோனும் கோட்டிசோலும் கூடுவதால் பலருக்கு அப்போது இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். பதின்ம வயதில் அது இன்னும் அதிகம். சின்னப் பிள்ளைகள் சிலரிடம் இது மாறி, படுத்த கொஞ்ச நேரத்தில், நடுச்சாமத்துக்கு முன்னமே தேவை ஏறும். பெண்பிள்ளைகள் சிலருக்கு மாதவிலக்குக்கு முந்திய நாட்களிலும் கூடும். ஆகவே நாளுக்கொரு அளவு என்று ஒன்றில்லை, மணிக்கொரு அளவுதான். 1978 இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் ஜோன் பிக்கப்பும் ஹாரி கீனும் தோலுக்கடியில் இன்சுலினை ஓயாமல் சொட்டவிட்டுக் காட்டியபோது இந்தக் கதவு திறந்தது.

அளவு சரியா என்று அறிய ஒரே ஒரு வழிதான் உண்டு. சாப்பாட்டை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பின்னணி சரியாயிருந்தால், பசித்திருக்கும் உடம்பில் சீனி பெரிதாக அசையாது. 30 மில்லிகிராமுக்குள் ஏறி இறங்குவதை நான் அசைவாக எண்ணுவதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கும் ஊரிலும், பக்கத்திலே நோன்பு பிடிக்கும் காத்தான்குடியிலும் இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. ஆனால் பரீட்சைக்காக ஒருவரையும் நாள் முழுக்கப் பட்டினி போடாதே. நாளைத் துண்டு துண்டாக்கு. இன்றைக்கு இரவு, இன்னொரு நாள் காலைச் சாப்பாட்டை மட்டும் தள்ளிவைத்து, பிறகொரு நாள் மத்தியானத்தை.

முதலில் இரவு. இரவு சரிவராமல் பகலைத் திருத்தப் போனால் ஒன்றும் நிலைக்காது. அந்தப் பிள்ளையை 6 மணிக்கே சாப்பிடச் சொல். இடியப்பமும் கொஞ்சம் சொதியும் போதும். தேங்காய்ப்பால் குறுகக் காய்ச்சிய இறைச்சிக் கறியோடு பிட்டு வேண்டாம், அந்தக் கொழுப்பு சீனியை நடுச்சாமத்தில் கொண்டுவந்து இறக்கும், நீ அதைப் பின்னணியின் பிழை என்று எடுத்துவிடுவாய். அம்மம்மாவிடம் இதை நீயே நேரில் சொல்ல வேண்டிவரும், பேத்தி வந்திருக்கும் வீட்டில் ஆறு மணிக்கு அடுப்பை அணைப்பது இலேசான காரியமில்லை. சாப்பாட்டு இன்சுலினின் வேகம் அடங்க நான்கு மணித்தியாலமாவது விடு. 10 மணிக்கு 100க்கும் 180க்கும் இடையில் நின்றால் தொடங்கலாம். பிறகு 12க்கு, 3க்கு, விடிய 6க்கு. இடையில் 70க்குக் கீழே போனால் பரீட்சை முடிந்தது, குளுக்கோசு கொடு. 250ஐத் தாண்டினாலும் நிறுத்திவிட்டுச் சீனியை இறக்கு. கடும் வேலை செய்த நாளிலும், காய்ச்சலிலும், அன்று பகலே ஒருமுறை சீனி இறங்கியிருந்தாலும் இந்தப் பரீட்சையை வைக்காதே.

ஒரு இரவின் எண்ணை நம்பி ஒன்றையும் மாற்றாதே. இரண்டு மூன்று இரவுகள் ஒரேமாதிரி வந்தால்தான் அதற்குப் பொருளுண்டு. மாற்றும்போதும் 10 வீதம், மிஞ்சினால் 20. மணிக்கு 0.60 அலகு ஓடுகிறதென்றால் 0.65. பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் இரவு முழுக்கச் சேரும். இன்னொன்று: 3 மணிக்குச் சீனி ஏறத் தொடங்கினால் 3 மணி அளவைக் கூட்டுவது பிழை. தோலுக்கடியில் விட்ட வேக இன்சுலின் உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு மணித்தியாலமாகும். நீ கைவைக்க வேண்டியது 1 மணி அளவில். இந்த ஒன்றைப் பிழையாகச் செய்துவிட்டு, "கூட்டியும் இறங்கவில்லை" என்று திரும்பத் திரும்பக் கூட்டிய வைத்தியர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படிக் கூட்டியவள்தான் மகள். பயிற்சிக்காகப் பிரித்தானியா போயிருந்த காலம். பதினான்கு வயதுப் பையன், விடியற்காலைச் சீனி தொடர்ந்து உயரம். இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் அவனுடைய இரவு அளவைக் கூட்டினேன். கொப்பியில் எண்களைப் பார்த்தேன், வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. சிறுகுழாயை வசதிக்காக எப்போதும் தொப்புளுக்கு இடப்பக்கத்திலேயே குத்திக் குத்தி அந்த இடம் தடித்துப் போயிருந்தது. தடிப்புக்குள் விட்ட இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேரவில்லை. ஒருநாள் அவன் குழாயைத் தொடைக்கு மாற்றினான். புதுத் தோல். நான் கூட்டிவைத்த அளவு முழுவதும் அன்றிரவு வேலை செய்தது. விடியற்காலை 4 மணிக்கு அவன் வலிப்பில் கிடந்ததைத் தாய் கண்டாள். பிள்ளை தப்பிவிட்டான். அடுத்த நாள் வார்டில் ஒரு மூத்த தாதி என் விரலைப் பிடித்து அந்தத் தடிப்பின்மேல் வைத்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த விரல்நுனி உணர்வு இன்றைக்கும் போகவில்லை.

ஆகையால் எண்ணைத் தொடுமுன் ஆளைத் தொட்டுப் பார். குழாய் குத்தும் இடங்களைத் தடவு. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இடம் மாற்றுகிறாளா என்று கேள். இப்போது கச்சான் காற்று தொடங்குகிற காலம். வெயிலில் தீர்த்தக்கரைக்கும் கோயிலுக்குமாகத் திரிபவளின் இடுப்பில் இன்சுலினும் காய்கிறது, 37 பாகைக்கு மேல் சூடேறிய இன்சுலினை நம்ப முடியாது. திடீரென்று எல்லா எண்ணும் ஏறினால் பின்னணி அளவைச் சந்தேகிக்காதே, பம்பிலுள்ள இன்சுலினையும் குழாயையும் மாற்றிப் பார். அவளுடைய மானி காட்டும் எண்ணும் எங்கள் எண்ணும் வேறு: கனடாவில் 7 என்றால் எங்களுக்கு 126, பதினெட்டால் பெருக்கிக்கொள். இன்சுலின் முடிந்து, சென்னைக்குப் போன சொந்தக்காரரிடம் குப்பி வாங்கிவரச் சொன்னாலும் கவனம். இந்தியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட குப்பி இன்றும் விற்கிறது. பம்பு 100 என்று எண்ணித்தான் விடும். அதை ஊற்றினால் பாதிகூடப் போய்ச் சேராது.

பம்பு நின்றால் என்ன செய்வது என்பதையும் இன்றைக்கே எழுதி வை. அதற்குள் இருப்பது வேக இன்சுலின் மட்டும், உடம்பில் சேமிப்பு எதுவும் இல்லை. ஓட்டம் நின்று நான்கைந்து மணித்தியாலத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கும். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை அலகு பின்னணியாகப் போகிறது என்பதைத் திரையில் பார்த்துக் கடதாசியில் எழுது, அவளிடம் ஒன்று, அம்மம்மாவிடம் ஒன்று, உன் மேசையில் ஒன்று. ஊசிக்குத் திரும்ப வேண்டி வந்தால் அந்த எண்தான் உனக்கு வழிகாட்டும். டொரொன்டோவிலுள்ள அவளுடைய குழுவுக்கும் நீ செய்ததையெல்லாம் எழுது. சந்தேகமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பத் தயங்காதே, கல்லடிப் பாலம் தாண்டும் தூரம்தானே.

சீனியை உணர்ந்து தானே பின்னணியைக் கூட்டிக் குறைக்கும் பம்புகளும் இப்போது உண்டு. அமெரிக்காவில் 2016 இல் முதலாவதற்கு அனுமதி கிடைத்தது. உணர்கருவி கழன்றால் அவையும் நீ எழுதிவைத்த அளவுக்கே திரும்பும். கற்றுக்கொண்டது வீண்போகாது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் போய்விடுவாள். உன் கிளினிக் வாங்கில் இருப்பவர்களிடம் பம்பு இல்லை. அவர்களில் பலருக்கு நாங்கள் கொடுப்பது காலையும் மாலையும் கலவை இன்சுலின், 30 வீதம் சாப்பாட்டுக்கு, 70 வீதம் பின்னணிக்கு, ஒரே குப்பியில். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். மாலை 7 மணிக்குப் போட்ட ஊசியின் பின்னணிப் பங்கு நடுச்சாமத்துக்கும் 3 மணிக்கும் இடையில் உச்சத்துக்கு வரும், விடியலில் தேவைப்படும்போது தளர்ந்துவிடும். பம்பு வைத்திருப்பவள் இன்சுலினைத் தன் நாளுக்கு ஏற்ப வளைக்கிறாள். இவர்கள் தங்கள் நாளை ஊசிக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருக்கிறது.

வாவியில் இரவில் வலை போடும் ஒருவர் எங்கள் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். காலைச் சீனி எப்போதும் 300க்கு மேல். "ஒழுங்காக மருந்து போடாதவர்" என்று அவருடைய கொப்பியில் மூன்று வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரும் மாலை ஊசியைக் கூட்டியிருந்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க இருப்பீங்க அண்ணன்? "தோணியிலதான் புள்ள. ஊசி போட்டாக் கை நடுங்குது. தண்ணிக்க விழுந்தா ஆரு தூக்குற? அதால போடுறல்ல." அவர் போடாததால் சீனி ஏறியது. ஏறியதால் நாங்கள் கூட்டினோம். கூட்டியதால் இன்னும் பயந்தார். கலவையைப் பிரித்தோம். தொழிலுக்குப் போகும் இரவுக்குக் குறைந்த பின்னணி, போகாத இரவுக்கு வேறு அளவு, இரண்டையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்தோம், மடியில் ஒரு குளுக்கோசுப் பொதி. பம்பில் ஒரு பொத்தானை அழுத்திச் செய்வதை இரண்டு குப்பியாலும் ஓர் அட்டையாலும் செய்தோம். பிறகு அவர் ஊசியைத் தவறவிடவில்லை.

நெருக்கமான கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்று 1,441 பேரை வைத்துச் செய்த பெரிய அமெரிக்க ஆய்வு 1993 இல் காட்டியது. அதே ஆய்வில் கடுமையாகச் சீனி இறங்கியது மூன்று மடங்கு. முதல் பாதியை எங்கள் கிளினிக்குகள் மனப்பாடம் செய்தன. இரண்டாம் பாதியை நோயாளிகள் தங்கள் வீட்டில், சாமத்தில், தனியே கற்றுக்கொண்டார்கள். நீ அந்தச் சாமத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வைத்தியராக இரு.

செவ்வாய் இரவு பரீட்சையை வைக்கலாம். அம்மம்மாவின் வீட்டில் யாராவது அவளோடு விழித்திருக்கட்டும், உன் இலக்கத்தையும் என் இலக்கத்தையும் கொடு. 3 மணிக்கு நான் எழும்பி இருப்பேன். எண் எதுவானாலும் சொல்.

அன்புடன்,
உன் பழைய டொக்டர்