படகுக் கழிப்பறைக் கழிவை எங்கே கொட்டுவது?

கேள்வி: தூத்துக்குடியில் சின்னப் படகு வைத்திருக்கும் என் மருமகன், தூக்கிச் செல்லும் கழிப்பறை ஒன்று வாங்கியிருக்கிறார். கழிவை எங்கே கொட்டுவது?
– வாசகர், கூமாப்பட்டி

பதில்: இந்தக் கழிப்பறையின் மேல் தொட்டியில் நல்ல தண்ணீர், கீழே கழிவு, நடுவில் இழுத்துத் திறக்கும் அடைப்பு. முதலிலேயே கீழ்த்தொட்டியில் கொஞ்சம் தண்ணீரும் மருந்தும் விட்டால் நாற்றம் அடங்கும். கரைக்கு வந்ததும் கீழ்த்தொட்டியைக் கழற்றி வீட்டுக் கக்கூஸில் ஊற்றலாம். காற்றுப் பொத்தானை அமுக்கிக்கொண்டே ஊற்றட்டும்; இல்லாவிட்டால் குபுக்கென்று வேட்டியில் தெறிக்கும்! ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து செப்டிக் டேங்க் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், வேண்டாம். கடலிலா? பெரிய கப்பல்களே சுத்திகரிக்காத கழிவைக் கொட்டக் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்ட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஊருக்கு வரும்போது பிளவக்கல் அணைப் பக்கம் அந்தத் தொட்டியைத் தூக்கி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அது.