கராமா அறையில் பீர் தயாரிக்கலாமா?

கேள்வி: துபாய் கராமாவில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மது வாங்கும் உரிமம் வைத்திருக்கிறேன். வெளிநாடுகளில் ஐந்து லிட்டர் அளவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார்களாமே? சமையலில் ஆர்வம் உள்ளவன், கற்றுக்கொள்ள ஆசை. மால்ட் பானத்தில் ஈஸ்ட் போட்டாலே போதும் என்கிறார் அறை நண்பர். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், துபாய்

பதில்: அங்கே ஈஸ்ட் போடாதீர்கள். உங்கள் உரிமம் வாங்கவும் குடிக்கவும்தான், தயாரிக்க அல்ல. 2023 ஜனவரி முதல் துபாயில் அந்த உரிமத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் சட்டமே தளர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அபுதாபி அல் மர்யா தீவில் 2023 இறுதியில் திறந்த மதுக்கூடம் அங்கேயே பீர் தயாரிக்கிறது என்றால், அது அரசின் தனி அனுமதியோடு. பக்கத்து ஷார்ஜாவில் மதுவே கூடாது, குவைத்திலும் அப்படித்தான். தயாரித்துப் பிடிபட்டால் வழக்கோடு போகாது, விசாவும் போகும். அறையில் உடன் தங்கியிருப்பவர்களும் சிக்குவார்கள். தமிழ்நாட்டிலும், 1937 மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றித் தயாரிப்பது குற்றம்தான். நீங்கள் கேள்விப்பட்டதும் சரிதான்: பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குத் தடையின்றித் தயாரிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாரோ அறையில் காய்ச்சியது என்று நீட்டும் எதையும் குடிக்காதீர்கள். தானியம் நொதித்து வரும் பீரில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயம்தான் எமன். 2025 ஆகஸ்டில் குவைத்தில் அப்படிக் குடித்து 160 பேர் பாதிக்கப்பட்டார்கள், 23 பேர் இறந்தார்கள் என அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். பார்வை பறிபோனவர்களும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். மெத்தனால் உடனே வேலையைக் காட்டாது. அரை நாள், ஒரு நாள் கழித்து வாந்தியும் வயிற்றுவலியும் வரும், கண் மங்கும். அறையில் யாருக்காவது இப்படி ஆனால் போலீஸ் வருமே என்று தயங்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. நேரம்தான் இருக்காது.

ஆனால் உங்கள் ஆசையை அணைக்க எனக்கு மனமில்லை. பீரின் முதல் பாதி மது அல்ல, மாவு சர்க்கரையாகும் வித்தை. நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகு முளைகட்டுவதும் அதே வித்தைதான். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டி முளைக்க விடுங்கள். விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி அரையுங்கள். வறுக்கக் கூடாது, வறுத்தால் மணம் கூடும், நொதி செத்துவிடும். பச்சரிசி மாவில் கரண்டி நிற்கும் அளவு கெட்டியாகக் கூழ் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைமாவில் இரண்டு கரண்டி கலக்குங்கள். சில நிமிடங்களில் கூழ் நீர்த்து ஓடும். பாத்திரத்தைத் துணியால் சுற்றி முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு ருசித்துப் பாருங்கள்: சர்க்கரை போடாமலே இனிக்கும். 75 டிகிரியில் ஒரு தடவை, 50 டிகிரியில் ஒரு தடவை செய்து பார்த்தால், பீர்த் தயாரிப்பாளர் ஏன் வெப்பமானியை விட்டுக் கையை எடுப்பதில்லை என்பது விளங்கிவிடும்.

கடைசியில் நன்றாகக் கொதிக்க வைத்து அன்றே குடித்துவிடுங்கள். வளைகுடா வெக்கையில் வெளியே வைத்தால் தானாகவே நொதிக்கத் தொடங்கும். பார்லியில் செய்ய விரும்பினால், மளிகைக் கடையில் கிடைக்கும் தீட்டிய பார்லி முளைக்காது. தோலோடு கூடியதைக் கேட்டு வாங்குங்கள்.