மாசம் 15,000 வருது, ஆனா ஏன் இன்னும் அப்பாகிட்டயே கை நீட்டறோம்?

"இருபத்தஞ்சு வயசாச்சு, இன்னும் பெட்ரோலுக்கு வீட்டுலதான் காசு கேட்கிறான்." இந்தப் பேச்சு இல்லாத தெரு கிடையாது. பெரியவங்க இதுக்கு உடனே சொல்ற காரணம், "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் செலவுல கட்டுப்பாடே இல்ல." எனக்கு அது பாதி காரணமாகத்தான் படுது. மீதிப் பாதி என்னன்னு ஒரு ஊரை வச்சே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சங்கராபரணி ஆத்தோரம் இருக்கிற செல்லிப்பட்டு, புதுச்சேரி மாநிலத்துல வில்லியனூர் தாலுகாவைச் சேர்ந்த கிராமம். இந்தப் பகுதியில போன தலைமுறைக்கு நிலம் இருந்தது, கரும்பு இருந்தது, லிங்காரெட்டிப்பாளையத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருந்தது. டவுன் பக்கம் போனா ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்லுங்க. மில்லுல ஒருத்தருக்கு வேலை நிரந்தரமாச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்டற தைரியம் வந்துடும். சர்க்கரை ஆலையில அரைவை நின்னுபோச்சு. 1898-ல ஆரம்பிச்ச ஏ.எஃப்.டி. மில்லை 2020-ல மூடிட்டாங்க. மத்த ரெண்டு மில்லுக்கும் அதே கதிதான்.

இன்னிக்கு இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு வேலைன்னா திருபுவனை, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைங்கதான். வேலை இல்லாம இல்ல. ஆனா முதல்ல அப்ரண்டிஸ், அப்புறம் ஒப்பந்தக்காரர் மூலமா ஒரு வருஷம், அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி வேற கம்பெனி, வேற ஒப்பந்தக்காரர். அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவங்களுக்கு பி.எஃப். கிடையாது, வர்றது உதவித்தொகைதான். அதனால அந்தக் காலம் சேமிப்புக் கணக்குல சுத்தமா பூஜ்யம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வேலை ஒரு வருஷத்துக்குத்தான் உறுதி. ஆனா வேலையில சேர்ந்த மூணாம் மாசமே வாங்குற வண்டிக்கடன் 36 மாசம். இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தவே இல்ல.

வண்டி வாங்குறதை நான் ஆடம்பரம்னு சொல்லமாட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற பையனுக்கு எந்த பஸ் இருக்கு? வண்டி இல்லைன்னா பல பேருக்கு வேலையே இல்ல. பிரச்சனை கடன் போடுற விதத்துலதான். ஷோரூம்ல "வட்டி வெறும் 12 பர்சென்ட்தான் தம்பி"ன்னு சொல்லுவாங்க. அது ஃபிளாட் வட்டியான்னு கேளுங்க. ஃபிளாட்டுன்னா 90,000 ரூபாய்க்கு மூணு வருஷத்துல வட்டி மட்டும் 32,400. மாசத் தவணை 3,400. நீங்க மாசாமாசம் அசலைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க, ஆனா வட்டி கடைசி மாசம் வரைக்கும் முழு 90,000-க்கும் ஓடுது. குறைஞ்சு வர்ற அசலுக்குக் கணக்குப் போட்டா உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல!

ஒரு மாசக் கணக்கைப் பார்ப்போம். சம்பளம் 15,000. பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113 ரூபாய் போக, கைக்கு 13,087. வண்டித் தவணை 3,400, போன் தவணை 1,200, பெட்ரோல் 2,000, வீட்டுக்கு 4,000. மிச்சம் 2,487. சாப்பாடு, துணிமணி, கூழ் ஊத்துற திருவிழா, சிநேகிதன் கல்யாணம் எல்லாம் இதுக்குள்ளதான். இவன் எங்க ஊதாரி?

அடுத்து ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு மாசம் சும்மா இருக்கான்னு வச்சுக்குங்க. தவணை மட்டும் 9,200 வேணும். அங்கதான் அப்பாகிட்ட போறது. இல்லைன்னா பி.எஃப்.ல கை வைக்கிறது. வேலை போனா முக்கால்வாசி வரை எடுக்க விதியிலயே இடம் இருக்கு.

எடுத்தா என்ன போகுது? இந்தச் சம்பளத்துல உங்க 1,800-ஓட முதலாளி பங்குல 550 சேர்ந்து மாசம் 2,350 உங்க பி.எஃப். கணக்குல ஏறுது. முதலாளி கட்டுறதுல மீதி 1,250 ஓய்வூதியத்துக்குப் போகுது. கம்பெனி மாறும்போதெல்லாம் எடுக்காம அதே யு.ஏ.என். நம்பருக்கு மாத்திக்கிட்டே வந்தா, 8.25 சதவீத வட்டியில அஞ்சு வருஷத்துல சுமார் 1.7 லட்சம் நிக்கும். வருஷாவருஷம் உடைச்சா ஒவ்வொரு தடவையும் இருபதாயிரத்துச் சொச்சம் வரும், தவணைக்கே போயிடும். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துட்டா, பென்ஷனுக்குத் தேவையான பத்து வருஷ சர்வீஸ் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

பொண்ணுங்க கதை வேற மாதிரி. கம்பெனி பஸ்ல போய் வர்றதால வண்டிக்கடன் இல்ல. ஆனா ஏ.டி.எம். கார்டு பல வீட்டுல அம்மாகிட்ட இருக்கும். சம்பளம் நகைச்சீட்டுக்குப் போகும், அந்த நகை அவசரத்துக்கு அடகுக்குப் போகும். நாலு வருஷம் உழைச்ச பொண்ணுக்குத் தன் பேர்ல எவ்வளவு இருக்குன்னே தெரியாது. வீட்டுக்குக் கொடுக்கலாம், கொடுக்கணும்தான். ஒரு தொகை பேசி வச்சுக் கொடுங்க. கார்டை நீங்களே வச்சுக்குங்க.

அப்ப என்ன பண்றது? முதல் ஆறு மாசம் தவணையில எதுவும் வாங்காதீங்க. அண்ணன் வண்டியோ, பழைய வண்டியோ ஓட்டி, மாசம் 3,400-ஐ உங்களுக்கே தவணை மாதிரி தனிக் கணக்குல கட்டுங்க. ஆறு மாசத்துல 20,400. அதை முன்பணமா கொடுத்துடாதீங்க, வேலை இல்லாத மாசத்துக்கான பணம் அது. அதுக்கப்புறம் வாங்குற வண்டிக்கு, "குறையும் அசலுக்கு என்ன வட்டி?"ன்னு கேட்டு, ரெண்டு மூணு இடத்துல விசாரிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இன்னொரு வேலை இன்னிக்கே பண்ணலாம். உமங் ஆப்ல உங்க பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, சம்பளச் சீட்டுல பிடிச்ச 1,800 மாசாமாசம் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா ஒப்பந்தக்காரர் "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொல்றதோட விட்டுடாதீங்க. ஒப்பந்தத் தொழிலாளிக்கு பி.எஃப். கட்ட வேண்டிய பொறுப்பு, வேலை வாங்குற கம்பெனிக்கும் சட்டப்படி உண்டு. பி.எஃப். அலுவலகத்தோட குறைதீர்ப்புத் தளத்துல புகார் கொடுக்கும்போது கம்பெனி பேர், ஒப்பந்தக்காரர் பேர் ரெண்டையும் எழுதி, சம்பளச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்க.