வெற்றிடம் பூச்சியமல்ல

வவுனியா

அன்புள்ள மருமகளுக்கு,

பொறியியல் பீடத்தில் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்குச் செய்த தாயக்கட்டையும் நிறப்பந்துகளும்தான் மறுபடி வருகின்றனவாம். சூத்திரங்களைப் பாடமாக்கினால் சோதினை பாஸ் பண்ணலாம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். பாஸ் பண்ணலாம்தான். ஆனால் நாளைக்கு ஒரு மதகின் அகலத்தையோ பாலத்தின் உயரத்தையோ நீதான் குறிக்கப்போகிறாய். அந்த அளவு இந்தப் பாடத்திலிருந்துதான் வரும்.

நீ படிக்கும் அறிவியல்நகரிலிருந்து இரணைமடுக் குளம் தூரமில்லை. 2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் என்ன நடந்தது என்று அங்குள்ளவர்களைக் கேட்டுப் பார். பெருமழையில் குளங்கள் நிரம்பின, இரணைமடுவின் வான் கதவுகளைத் திறந்தார்கள், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான சனம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. அப்படியொரு மழை ஓய்ந்ததும் எல்லாரும் கேட்பது, இனி இது எப்ப வரும் என்றுதான். அதற்குத் திகதி சொல்ல எந்தப் பொறியியலாளராலும் முடியாது. எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லலாம். அதையும் நேர்மையாகச் சொல்லப் பழக வேண்டும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்று உன் புத்தகத்தில் வரும். எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவை எட்டவோ தாண்டவோ நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். இந்த வருடம் வந்துவிட்டால் இன்னும் 99 வருடம் நிம்மதி என்று யாரும் எண்ணக் கூடாது. கொப்பியை எடுத்துச் செய்து பார். ஓர் ஆண்டில் வராமலிருக்க 0.99. தொடர்ந்து 30 ஆண்டும் வராமலிருக்க 0.99ஐ 30 தரம் பெருக்கு, 0.74 வரும். ஆக, அந்த 30 ஆண்டுக்குள் ஒரு தரமாவது வருவதற்கு 26 சதவீதம். 100 ஆண்டுக்குச் செய்தால் 63 சதவீதம். ஒரு குடும்பம் வீடு கட்டிப் பிள்ளை வளர்த்து முடிக்கும் காலத்துக்குள் நாலில் ஒரு வாய்ப்பு என்று கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் விளங்கச் சொல்லிவிட்டாய் என்றால், உனக்கும் விளங்கிவிட்டது.

அந்தப் பெருக்கலுக்குப் பின்னால் ஓர் எடுகோள் இருக்கிறது: ஓர் ஆண்டு மற்ற ஆண்டைச் சாராது. ஆண்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். அதையே குளங்களுக்குப் போட்டால் பிழைக்கும். அயலில் உள்ள இரண்டு குளங்களும் ஒரு வருடத்தில் அபாய மட்டத்தைத் தாண்ட ஒவ்வொன்றுக்கும் இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள். இரண்டும் சேர்ந்து தாண்ட நானூறில் ஒன்று என்று எழுதிவிடாதே. வங்காள விரிகுடாவில் உருவாகும் ஒரே தாழமுக்கம்தான் இரண்டின் மேலும் மழையைக் கொட்டுகிறது. எதைப் பெருக்கலாம், எதைப் பெருக்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்க மண்ணும் வானமும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தரவு. ஒரு மழைமானியின் 30 ஆண்டுப் பதிவு கையில் கிடைத்தால், உடனே இடையும் நியம விலகலும் காணப் போகாதே. முதலில் வரிவரியாக வாசி. இடப்பெயர்வுக் காலத்தில் மழைமானியைப் பார்க்க ஆளில்லாத மாதம் பதிவில் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தைக் கணினி பூச்சியமாக எடுத்துக்கொண்டால், மாரிகாலத்தின் நடுவில் ஒரு வரட்சி முளைத்துவிடும். மழைமானியையே வெள்ளம் கொண்டுபோயிருந்தால், எல்லாவற்றிலும் பெரிய எண்தான் பட்டியலில் இராது. எது ஏன் விடுபட்டது என்று கேட்காமல் கணக்கைத் தொடங்காதே.

பதிவுகளை இப்படி வாசிப்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இந்தியப் புள்ளியியலாளர் பிரசந்த சந்திர மகாலனோபிஸ். 1926இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப் படுக்கை உயர்ந்துவிட்டது, கரைகளை இன்னும் உயர்த்த வேண்டும் என்று பொறியியலாளர் குழு சொன்னது. அவர் ஏறத்தாழ 60 ஆண்டுத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார். படுக்கை உயர்ந்ததற்கு ஆதாரமில்லை என்று கண்டார். கரையை உயர்த்துவதை விட்டு, ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தடுக்கச் சொன்னார். கண்ணால் பார்த்த ஒரு வெள்ளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், பொறுமையாகப் பழைய பதிவுகளைப் புரட்டியதால் கிடைத்த விடை அது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடக்கியவரும் அவரே.

இந்த விடுமுறையில் ஒன்று செய். நம் பக்கத்து நிலையம் ஒன்றின் மழைப் பதிவைக் கேட்டு வாங்கு. ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு நாளில் பெய்த ஆகக் கூடிய மழையை எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்து. 30 ஆண்டுப் பதிவென்றால் முதலிடத்துக்கு 31 ஆண்டுத் திரும்பல் காலம், அதாவது சராசரியாக 31 ஆண்டுக்கு ஒரு தரம், என்று உன் சூத்திரம் சொல்லும். அதற்கு அப்பால் நூறாண்டு மழையைச் சொல்ல ஒரு பரம்பலைப் பொருத்த வேண்டும். ஆண்டு உச்சங்களுக்குச் செவ்வன் பரம்பல் பெரும்பாலும் சரிவராது. கும்பெல் பரம்பலைப் போட்டுப் பார். முதலில் கையால் வரைபுத் தாளில் குறி, பிறகு கணினியில் செய்.

விடையைத் தனி எண்ணாக எழுதாதே. எத்தனை ஆண்டுத் தரவு, எவை விடுபட்டன, என்ன எடுகோள், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் கீழே எழுது. அணைக்குக் கீழே குடியிருக்கும் சனத்துக்கு நீ கொடுக்க வேண்டிய கணக்கு அதுதான். செய்து முடித்ததும் எனக்கு அனுப்பு. வரிவரியாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா